காற்றில் கலந்தவை யாருடையவை? கள்ளக்குறிச்சிச் சமவெளியும் கல்வராயன் மலையும்

தைத் திங்களின் விடியற்பொழுதுகளில் கள்ளக்குறிச்சிச் சமவெளியில் நின்று மேற்கே நோக்குவோருக்குக் கல்வராயன் மலைத்தொடர் கண்ணில் படாத நாட்கள் உண்டு. அடிவாரத்தை ஒட்டிப் படர்ந்திருக்கும் சாம்பல்நிறத் திரை வெயில் ஏறிய பின்னரே விலகும். அது பனி என்பார் சிலர். சர்க்கரை ஆலையின் புகை என்பார் வேறு சிலர். நெல் அவிக்கும் அரிசி ஆலைகளைச் சுட்டுவோரும், சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையின் லாரிகளைச் சுட்டுவோரும், மலைமக்கள் காட்டுக்குத் தீயிட்டுவிட்டனர் என்று முடிவு கட்டுவோரும் உண்டு. இவர்களுள் எவரும் முற்றிலும் பொய்யுரைப்பவர் அல்லர். ஆயினும் யாருடைய பங்கு எவ்வளவு என்ற வினாவுக்கு வெறுங்கண்ணால் விடை கூற இயலாது. குற்றம் சாட்டுபவரே ஆதாரம் கொணர வேண்டும் என்பது நம் சட்டவியலார் நன்கறிந்த விதி. காற்றைப் பற்றிய வழக்கில் அவ்விதியை எவரும் நினைவில் கொள்வதில்லை. அதற்குரிய ஆதாரங்களைத் திரட்டும் முறைகள் கடந்த அரை நூற்றாண்டில் ஒரு தனி அறிவியல் துறையாகவே வளர்ந்துள்ளன. அத்துறையின் இயல்பையும், நம் வட்டாரத்திற்கு அது பொருந்தும் விதத்தையும் இங்கு ஆராய்வோம்.

காற்றின் மாசு இன்று பெரும்பாலும் ஓர் எண்ணாகவே மக்களை வந்தடைகிறது. ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் துகள் என்பது அவ்வெண். விட்டம் 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள் பி.எம். 10 என்றும், 2.5 மைக்ரானுக்கு உட்பட்டவை பி.எம். 2.5 என்றும் வழங்கப்படும். தலைமயிரின் தடிமன் ஐம்பது முதல் எழுபது மைக்ரான் வரை இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் இவற்றின் நுண்மை விளங்கும். முன்னவை மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழலிலும் பெரும்பாலும் தங்கிவிடும். பின்னவை நுரையீரலின் காற்றுப்பைகள் வரை செல்லும். 2009ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட இந்தியத் தரநிலை, பி.எம். 2.5க்கு ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமை வரம்பாக வைத்துள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதே அளவுக்கு 5 மைக்ரோகிராமைப் பரிந்துரைத்தது. இரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவே ஒரு தனிக் கட்டுரைக்குரியது. ஈண்டு நாம் கருதவேண்டியது வேறொன்று: எந்த வரம்பை ஏற்றாலும், அந்த எண் துகளின் எடையை மட்டுமே கூறும், அதன் பிறப்பிடத்தைக் கூறாது. நாற்பது மைக்ரோகிராம் கடல் உப்பும் நாற்பது மைக்ரோகிராம் டீசல் கரியும் தராசுக்கு ஒன்றே. நுரையீரலுக்கும், நடவடிக்கை எடுக்க வேண்டிய அதிகாரிக்கும் அவை ஒன்றல்ல.

துகள்களின் வகையை முதலில் இரண்டாகப் பிரிக்கலாம். புழுதி, கரி, சாம்பல், மகரந்தம், பூஞ்சைவித்து, கடல் உப்பு ஆகியவை துகளாகவே காற்றில் ஏறுபவை. இவை முதல்நிலைத் துகள்கள். மற்றொரு வகை வாயுவாகப் புறப்பட்டு வானில் துகளாக மாறுவது. நிலக்கரியின் கந்தகம் சல்பேட்டாகவும், வாகன எஞ்சினின் நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரேட்டாகவும் மாறி, மாட்டுத் தொழுவத்திலிருந்தும் யூரியா இட்ட வயலிலிருந்தும் எழும் அம்மோனியாவுடன் கூடித் திடத்துகளாகின்றன. இவை இரண்டாம்நிலைத் துகள்கள். இவற்றைப் பற்றி மட்டும் ஒரு செய்தியை வாசகர் மனங்கொள்ள வேண்டும்: இவை பிறந்த இடத்திற்கும் பிடிபட்ட இடத்திற்கும் இடையே பலநூறு கிலோமீட்டர் இருக்கக் கூடும். ஆதலின் ஊருக்குள் புகைபோக்கியைத் தேடி இவற்றின் மூலத்தைக் கண்டுவிட முடியாது.

காற்றில் வரும் தீங்கின் மூலத்தைத் தேடும் முயற்சி புதியதன்று. அபூபக்ர் அர்ராஸி (இறப்பு ஹிஜ்ரி 313 / கி.பி. 925) தம் சமகாலத்து அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீயைப் பற்றி எழுதிய சிறு நூல் ஒன்று இவ்வகையில் கருதத்தக்கது. அல்பல்கீக்கு இளவேனிற்காலத்தில் ரோஜா மணத்தை நுகருந்தோறும் நீர்க்கோவை பற்றுவது ஏன் என்பதே அந்நூலின் பொருள். நோய் எப்பருவத்தில் வருகிறது, அப்பருவத்தில் காற்றில் புதிதாகச் சேர்வது யாது என இரண்டையும் பொருத்திப் பார்த்துக் காரணத்தை நெருங்கும் முறை அது. பக்தாதில் மருத்துவமனைக்கு இடம் தேடியபோது நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே அது மெதுவாகக் கெடுகிறது என்று அர்ராஸி பார்த்ததாக இப்னு அபீ உஸைபிஆ பதிவுசெய்துள்ள செய்தி இதனினும் புகழ்பெற்றது. காலக்கணக்கு ஒத்துவராமையால் வரலாற்றாசிரியர்கள் இதனை ஐயத்துடனேயே ஏற்கின்றனர். எனினும் பல இடங்களில் ஒரே பொருளை ஒரே காலத்தில் காற்றுக்குக் காட்டி ஒப்பிடுதல் என்ற எண்ணம் அன்றே நிலவியது என்பதற்கு அச்செய்தி சான்று. பத்தாம் நூற்றாண்டில் பைத்துல் முகத்தஸில் பிறந்து எகிப்தில் வாழ்ந்த மருத்துவர் முஹம்மது அல்தமீமியோ, கெட்ட காற்றைச் சீர்செய்வதற்கென்றே ஒரு பெருநூல் எழுதினார்.

துகளைக் காணும் வழியையும் இக்காலத்தையொட்டியே காண்கிறோம். இப்னு அல்ஹைதம் (இறப்பு ஏறத்தாழ ஹிஜ்ரி 430 / கி.பி. 1040) ஒளியின் நேர்வழிப் பயணத்தை மெய்ப்பிக்க இருளறையில் நுழையும் ஒளிக்கற்றையில் தூசும் புகையும் மிதக்குமாறு செய்து பார்த்தார். ஒளி துகளில் பட்டுச் சிதறுவதால்தான் அதன் பாதை நம் கண்ணுக்குத் தெரிகிறது. அவருக்கு ஒளியே ஆய்வுப்பொருள். துகள் வெறும் கருவி. இன்று அது தலைகீழாகியுள்ளது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு உணர்கருவிகள், ஒரு லேசர்க் கற்றையின் குறுக்கே காற்றைச் செலுத்திச் சிதறும் ஒளியின் அளவிலிருந்து துகளின் அளவைக் கணிக்கின்றன. இவற்றின் குறையும் இம்முறையிலேயே அடங்கியுள்ளது. நீர்த்திவலையும் ஒளியைச் சிதறடிக்கும், கரித்துகளும் சிதறடிக்கும். மார்கழி, தை மாதப் பனியில் உப்புத்தன்மையுள்ள துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப்பெருக்கும்போது, கருவி காட்டும் எண் மெய்யான எடையைக் காட்டிலும் உயர்ந்துவிடும். பனியா புகையா என்ற ஊர்வாதத்தைத் தீர்க்க இக்கருவியை மட்டும் நம்புவது பயன்தராது.

ஆகவே துகளைப் பிடித்தாக வேண்டும். குறிப்பிட்ட அளவு காற்றை இருபத்துநான்கு மணி நேரம் ஒரு வடிதாள் வழியே இழுத்து, அதில் படிவதை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவர். உலோகங்களை அறிய டெஃப்லான் தாளும், கரியை அறிய அதிவெப்பம் தாங்கும் குவார்ட்ஸ் இழைத்தாளும் வேண்டும். பின்னர் அத்தர் வணிகர் ஒரு கலவையை முகர்ந்து அதில் சந்தனம் எவ்வளவு, மல்லிகை எவ்வளவு என்று கூறுவதைப் போன்ற பணி தொடங்குகிறது. சிலிக்கன், அலுமினியம், கால்சியம், இரும்பு ஆகியன சேர்ந்து உயர்ந்தால் அது மண்ணும் சாலைப் புழுதியும். சோடியமும் குளோரினும் கடலின் முத்திரை. வனேடியமும் நிக்கலும் கூடினால் கப்பல்களில் எரியும் கனரக எண்ணெயை நினைக்க வேண்டும். தூத்துக்குடி போன்ற துறைமுகங்களில் இதற்குப் பொருள் உண்டு. ஆர்செனிக்கும் செலினியமும் நிலக்கரியைக் காட்டும். ஆன்டிமனி, செம்பு, பேரியம் மூன்றும் வாகனத்தின் பிரேக் தேய்மானத்திலிருந்து வருபவை. மரமும் வைக்கோலும் எரிந்தால் பொட்டாசியம் மிகும். அதனுடன், செல்லுலோஸ் வெந்து சிதைவதால் மட்டுமே உண்டாகும் லெவோகுளூகோசான் என்ற சர்க்கரைச் சேர்மமும் இருக்கும்.

இம்முத்திரைகள் என்றென்றும் ஒரே பொருள் தருவன அல்ல. ஒரு காலத்தில் ஈயம் வாகனப்புகையின் ஐயமற்ற அடையாளமாக இருந்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஈயமற்ற பெட்ரோல் இந்தியா முழுவதும் நடைமுறைக்கு வந்தபின் அவ்வடையாளம் செத்துவிட்டது. இன்று காற்றில் ஈயம் தென்பட்டால் பழைய மின்கலங்களை உருக்கும் பட்டறையைத் தேடுவதே முறை. தீபாவளி நாளில் பொட்டாசியத்தை மட்டும் கண்டு விறகுப்புகை என்று எழுதிவிட்டால் அது பட்டாசு மருந்தாக இருக்கும். ஆகவேதான் தனி ஒரு தனிமத்தை எவரும் நம்புவதில்லை; இருபது முப்பது கூறுகளைச் சேர்த்துக் கணக்கிடுகின்றனர்.

அக்கணக்கு இருவழிப்பட்டது. ஒவ்வொரு மூலத்தின் வேதிக் கைரேகையையும் முன்னரே அறிந்துகொண்டு, வடிதாளில் உள்ளதை அவற்றின் கூட்டுத்தொகையாகப் பிரிப்பது ஒரு வழி. இது வேதி நிறைச்சமன் முறை எனப்படும். கைரேகைகளை முன்னறியாமலே, நூற்றுக்கணக்கான நாட்களின் வடிதாள்களில் எவையெவை ஒன்றாக உயர்ந்து ஒன்றாகத் தாழ்கின்றன என்பதைக் கொண்டு மூலங்களைத் தானே பிரித்தெடுக்கும் வழி மற்றொன்று. இதனைப் பின்லாந்து அறிஞர் பென்டி பாட்டெரோ 1994இல் செம்மைப்படுத்தினார். முதல்வழிக்கு உள்ளூர்க் கைரேகை இன்றியமையாதது. அமெரிக்க ஓக் மரத்தின் புகைக் கைரேகையைக் கொண்டு நம்மூர் வேலிக்கருவையின் புகையை அளந்தால் விடை எங்கோ போய்விடும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சென்னை, பெங்களூர், மும்பை, புனே, கான்பூர், டெல்லி ஆகிய ஆறு நகரங்களில் மேற்கொண்டு 2011ஆம் ஆண்டு தொகுத்தளித்த ஆய்வின் சிறப்பு இங்கேதான் உள்ளது. சென்னைப் பணியைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் செய்தது. அடுப்பு, சூளை, குப்பை எரிப்பு போன்ற வாகனமல்லாத மூலங்களின் கைரேகைகளை மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், வாகனங்களின் கைரேகைகளைப் புனேயிலுள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கமும் இந்நாட்டு எரிபொருளையும் இந்நாட்டு வண்டிகளையும் கொண்டே உருவாக்கின. பெருந்துகளில் சாலைப் புழுதி ஓங்கியிருக்க, நுண்துகளில் எரிதலின் பங்கு ஓங்குவதை அவ்வாய்வு நகரந்தோறும் காட்டிற்று. தெருவைக் கூட்டுவதால் பி.எம். 10 குறையலாம், பி.எம். 2.5 அதற்கு அவ்வளவாக அசைந்து கொடுக்காது.

டெல்லியைப் பற்றிக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2016இல் அளித்த அறிக்கை பருவத்தின் வலிமையை இன்னும் தெளிவாக உணர்த்துகிறது. குளிர்கால பி.எம். 2.5இல் இரண்டாம்நிலைத் துகள்கள் 30 விழுக்காடு, வாகனங்கள் 25, வைக்கோல், விறகு முதலியவற்றின் எரிப்பு 26 என்று அது கண்டது. கோடையிலோ நிலக்கரிச் சாம்பலும் மண்புழுதியுமே முதலிடங்களைப் பிடித்தன. ஒரே நகரம், ஒரே வண்டிகள். ஆயினும் ஜனவரியின் குற்றவாளியும் மே மாதத்துக் குற்றவாளியும் வேறு வேறு.

சென்னைக்குரிய பிற்காலச் செய்தி ஒன்றையும் கூறியாக வேண்டும். 2018 ஜனவரி 13, போகியன்று காலை சென்னை விமான நிலையத்தில் இறங்க வேண்டிய விமானங்கள் புகைமூட்டத்தால் வேறு நகரங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. பழைய பாய் எரிந்த காலத்தின் புகையன்று இது; பிளாஸ்டிக்கும் டயரும் எரிந்த புகை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சச்சின் குந்தே தலைமையில் பன்னாட்டு அறிஞர் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு, டெல்லித் துகள்களில் குளோரைடு இடைவிடாது மிகுந்திருப்பதையும், சென்னையில் அது அவ்வப்போது மிகுவதையும் கண்டது. பிளாஸ்டிக் கலந்த குப்பையை எரிப்பதிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் எழக்கூடிய ஹைட்ரோகுளோரிக் அமில வாயு, அம்மோனியா மிகுந்த டெல்லிக் காற்றில் துகளின் நீருக்குள் புகுந்து, மேலும் மேலும் நீரை உறிஞ்சச் செய்கிறது. பார்வைத் தொலைவு குறைவதில் ஏறத்தாழப் பாதிக்கு இதுவே காரணம் என்று அவர்கள் மதிப்பிட்டனர். பனியா புகையா என்று வாதிடுவோர் இருவருமே பாதி சரி என்பது இதன் பொருள். புகை இல்லாவிடில் அப்பனி அவ்வளவு அடர்ந்திராது.

இவ்வளவும் பெருநகரங்களின் கதை. 2019இல் தொடங்கப்பட்ட தேசியத் தூயகாற்றுத் திட்டத்தின்கீழ் வந்த 131 நகரங்களுள் தமிழகத்திற்குரியவை சென்னை, மதுரை, திருச்சிராப்பள்ளி, தூத்துக்குடி ஆகிய நான்கே. அதே 2019ஆம் ஆண்டு நவம்பர் 26இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி அப்பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. இங்கே எரிவன எவை என்று பார்த்தால், பெருநகர ஆய்வுகள் நமக்கு ஓரளவே கைகொடுக்கும் என்பது விளங்கும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. ஆலைக் கொதிகலனில் எரிவது கரும்புச் சக்கை; ஒரு டன் கரும்பை அரைத்தால் அதில் கால் பங்குக்கு மேல் ஈரச் சக்கையாகவே மிஞ்சும். வெட்டிய வயலில் காய்ந்த சோகைக்குத் தீயிடும் வழக்கமும் உண்டு. அரிசி ஆலைகளில் நெல்லை அவிக்க எரிப்பது உமி. மக்காச்சோளத் தட்டையும் வைக்கோலும் வயலில் எரிகின்றன. வீட்டிலும் செங்கற்சூளையிலும் விறகு. மலையிலோ, இலையுதிர்த்த காட்டின் சருகும் புல்லும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஆலையின் அரவைப் பருவம் ஆண்டிறுதியில் தொடங்கிப் பங்குனி வரை நீளும். சம்பா அறுவடை தையிலும் மாசியிலும். போகி மார்கழிக் கடைசியில். காட்டுத்தீயின் பருவம் மாசியில் தொடங்குகிறது. காற்று அசையாமல் நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும் பனிக்காலமும் அதுவே. அர்ராஸி ரோஜாவைக் கண்டது ரோஜா ஒரு பருவத்தில் தனித்துப் பூத்ததால். கள்ளக்குறிச்சியில் எல்லாப் பூவும் ஒரே மாதத்தில் பூக்கின்றன. நாட்காட்டியைக் கொண்டு இவற்றைப் பிரிக்க முடியாது.

நாட்காட்டி கைவிட்ட இடத்தில் கரியின் அணுவே சான்று சொல்ல வருகிறது. இதற்கு முன்னோடியான வழக்கு இந்தியப் பெருங்கடலில் நடந்தது. 1999இல் நடைபெற்ற இந்தியப் பெருங்கடல் பரிசோதனையில், தெற்காசியாவுக்கு மேல் குளிர்காலந்தோறும் பரவும் பழுப்பு மேகம் உலகின் கவனத்திற்கு வந்தது. அம்மேகத்தின் கரி நிலக்கரி, எண்ணெய் இவற்றிலிருந்து வந்ததா, விறகு, சாணம், வைக்கோல் இவற்றிலிருந்து வந்ததா என்பதில் அறிஞர்களுக்குள் பெரும் பிளவு நேர்ந்தது. தொழில்துறையைக் குற்றம் சாட்டுவதா, ஏழையின் அடுப்பைக் குற்றம் சாட்டுவதா என்ற அரசியலும் அதனுள் ஒளிந்திருந்தது. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் குஸ்தாஃப்சன் குழுவினர் மாலத்தீவின் ஹனிமாதூ தீவிலும் புனேக்கு அருகிலுள்ள சிங்ககட்டிலும் துகளைச் சேகரித்துக் கதிரியக்கக் கார்பன் 14ஐ அளந்தனர். அதன் அரையாயுள் 5,730 ஆண்டுகள். நேற்று வரை உயிரோடிருந்த மரத்தில் அது இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் கிடந்த எண்ணெயிலும் நிலக்கரியிலும் துளியும் இராது. 2009இல் வெளியான முடிவு, கரிமத் துகள்களில் மூன்றில் இரண்டு பங்கு உயிர்ப்பொருள் எரிப்பிலிருந்து வந்தது என்றது.

கார்பன் 14 நெடுஞ்சாலை லாரியை மற்றவற்றிலிருந்து பிரித்துவிடும். ஆனால் சக்கையும் உமியும் விறகும் சருகும் அதற்கு ஒன்றே. எல்லாம் புதிய கரி. இவ்விடத்தில் கரும்பின் இயல்பு நமக்கு உதவுகிறது. கரும்பு, மக்காச்சோளம், சோளம் போன்ற பயிர்கள் ஒளிச்சேர்க்கையில் நெல்லும் மரங்களும் கைக்கொள்ளும் வழியினின்று வேறுபட்ட வழியைக் கைக்கொள்கின்றன. அதனால் கதிரியக்கமற்ற, சற்றே கனமான கார்பன் 13 அவற்றில் மிகுதியாகத் தங்கும். ஆய்வாளரின் அளவுகோலில் மரமும் நெல்லும் ஆயிரத்துக்குக் கழித்தல் 27 அளவிலும், கரும்பு கழித்தல் 13 அளவிலும் நிற்கும். எரியும்போது இவ்வெண் சற்று நகரினும் இடைவெளி மறைந்துவிடாது. வடிதாளிலுள்ள கரியின் எண் இவ்விரண்டுக்கும் இடையே எங்கே நிற்கிறது என்பதே கரும்புக் குடும்பத்தின் பங்கைக் கூறிவிடும்.

இதுவும் முற்றுப்பெற்ற விடையன்று. மலைச்சரிவின் புற்களும், மலைமக்கள் விளைவிக்கும் சாமையும் தினையும் கரும்பின் வழியையே பின்பற்றுபவை. ஆகவே புல் எரிந்த தீயைச் சக்கை என்று பிழையாக எண்ண இடமுண்டு. அங்கே லெவோகுளூகோசான் துணைக்கு வருகிறது. கொதிகலனின் கடும் வெப்பத்தில் அச்சேர்மம் பெரும்பாலும் அழிந்துவிடும். திறந்தவெளியில் புகைந்து எரியும் தீயில் ஏராளமாகத் தப்பும். பொட்டாசியத்தோடு ஒப்பிட அது மிகக் குறைந்திருந்தால் உலையையும், மிகுந்திருந்தால் வயலையும் காட்டையும் அடுப்பையும் எண்ணலாம். மரத்தின் லிக்னினும் புல்லின் லிக்னினும் எரிந்து தரும் சேர்மங்கள் வேறுபடுவதால் விறகையும் தனியே பிரித்தறியலாம்.

இவையனைத்தும் பெரும்பொருட்செலவில் ஆகும் ஆய்வுகள். எளிய வழி ஒன்றும் உண்டு. பெருநகர ஆய்வுகளில் அதற்கு மதிப்புக் குறைவு. மொட்டைமாடியிலும் காயப்போட்ட துணியிலும் விழும் கருந்துகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பதே அது. சக்கைக் கரி பெரும்பாலும் தட்டையாகவோ நாராகவோ, தாவர உயிரணுக்களின் சுவர் வரிசை தெரியும்படி இருக்கும். உமி எரிந்தால் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. நெல்லுமியின் தோலில் இரட்டைக் கூம்புகளாக எழுந்து நிற்கும் சிலிக்கா அமைப்பு வேறெந்தப் பயிரோடும் எளிதில் மயங்காது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய அடுப்புச் சாம்பலில் நெல் இருந்ததா என்று தொல்லியலார் காண்பது இதனைக் கொண்டேயாம். ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையிலுள்ள நுண்ணோக்கி இதற்குப் போதும். ஆனால் இவ்வாறு விழுபவை பெருந்துகள்கள், துணியைக் கறையாக்குபவை. நுரையீரலின் அடிவரை இறங்குபவை இவற்றினும் நுண்ணியவை. துணியில் விழுந்த கரியின் சொந்தக்காரரே மூச்சில் புகுந்ததற்கும் சொந்தக்காரர் என்று தீர்ப்பளிப்பது அவசரம்.

அடுத்து, காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்பது. கல்வராயன் மலை சமவெளிக்கு மேற்கே இரண்டாயிரம் முதல் நான்காயிரம் அடி வரை எழுந்து நிற்கிறது. பனிக்காலத்தில் வீசுவது வடகிழக்குக் காற்று. அது சமவெளியிலிருந்து மலையை நோக்கிச் செல்வது. பகலில் வெயில் பட்ட சரிவு சூடேறக் காற்று மேலேறும்; இரவில் குளிர்ந்த காற்று கோமுகி, மணிமுக்தா ஆகியவற்றின் பள்ளத்தாக்குகள் வழியே கீழிறங்கிச் சமவெளியில் தேங்கும். எனவே பகலில் மலையூர்கள் சமவெளியின் புகையைப் பெறுவதற்கும், விடியலில் மலையடிவாரம் மலைத்தீயின் புகையைப் பெறுவதற்கும் இடமுண்டு. மலைமக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் இவ்விரு திசைகளையும் மணிவாரியாக அளப்பது நேர்மை. வெள்ளிமலையில் ஒன்று, கச்சிராயபாளையத்தில் ஒன்று, கள்ளக்குறிச்சி நகரில் நெடுஞ்சாலைக்குச் சற்று விலகி ஒன்று என மூன்று வடிதாள் நிலையங்களை ஓராண்டு இயக்கி, பகலுக்கும் இரவுக்கும் தனித்தனித் தாள் வைத்தால் இது கூடிவரும். அரவை நின்ற பின்னும் காட்டுத்தீ தொடரும் சித்திரை நாட்கள் இக்கணக்கில் பொன்னானவை. அப்போது ஒரு மூலம் தானாகவே களத்தினின்று விலகிவிடுகிறது.

இம்மூன்று நிலையங்களும் காணாத ஒரு காற்று உண்டு. அது அடுக்களைக் காற்று. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணனும் குழுவினரும் தமிழகத்தின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமப்புற வீடுகளில் அளந்து 2002இல் வெளியிட்ட முடிவுகள் இத்துறையில் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுபவை. விறகும் வறட்டியும் எரித்துச் சமைக்கும் வேளையில் மூச்சில் புகத்தக்க துகள் ஒரு கன மீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. அத்தகைய வீடுகளில் சமைப்பவர் நாள் முழுதும் சுவாசித்தது சராசரியாக 231 மைக்ரோகிராம். அதே கூரையின் கீழ்ச் சமைக்காதவர் சுவாசித்தது 90. எரிவாயு போன்ற தூய எரிபொருள் வீடுகளில் அது 82. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் எரிவாயு உருளை பல வீடுகளை எட்டியுள்ளது. எனினும் உருளை தீர்ந்தால் மீண்டும் நிரப்பும் விலையும், மலைப்பாதையில் அதனைக் கொண்டு சேர்க்கும் தொலைவும் அடுப்பை அணையவிடுவதில்லை.

அக்குழுவினர் பயன்படுத்திய முறை எளிது. கையடக்கமான உறிஞ்சுகருவியைச் சமைப்பவரிடமே கொடுத்து, அவர் மூச்சிழுக்கும் உயரத்தில் வடிதாளைப் பொருத்தினர். சமையல் இல்லாத நேரத்திற்கும் தனியே அளந்து, அவர் எங்கெங்கே எவ்வளவு நேரம் இருந்தார் என்பதையும் குறித்துக்கொண்டனர். வெள்ளிமலை நிலையத்தில் தாள் மாற்றும் அதே நாளில் அவ்வூர் வீடு ஒன்றிலும் இவ்வாறு அளந்து, இரு தாள்களின் கரிக் கைரேகையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அந்தப் பெண்மணியின் மார்புக்குள் சென்றதில் ஆலைக்குரியது எவ்வளவு, லாரிக்குரியது எவ்வளவு, அவருடைய சொந்த அடுப்புக்குரியது எவ்வளவு என்பது எண்ணால் தெரிந்துவிடும்.